தண்டவாளம் இல்லாத ஓட்டம்

ரைட் சகோதரர்களின் முதல் விமானத்துக்குச் சக்கரம் கிடையாது. 1903 டிசம்பர் 17 அன்று, அமெரிக்காவின் கிட்டி ஹாக் பக்கத்து மணல்வெளியில், 60 அடி நீளத்துக்கு ஒரு மரத் தண்டவாளம் போட்டார்கள். சைக்கிள் ஹப்பில் செய்த உருளைகள்மேல் ஒரு பலகை, பலகைமேல் விமானம். எஞ்சின் முழுமூச்சில் ஓட, கட்டை அவிழ்த்துவிட்டதும் அது தண்டவாளத்தின் மேலேயே ஓடி எழும்பியது. இடமோ வலமோ விலக அதற்கு வழியே இல்லை. இன்னொரு காரியமும் செய்திருந்தார்கள். ஒரே எஞ்சினிலிருந்து இரண்டு சங்கிலிகள் வழியாக இரண்டு புரொப்பெல்லர்களைச் சுழற்றினார்கள். அதில் ஒரு சங்கிலியை மட்டும் எட்டுப்போல் குறுக்கே திருப்பி மாட்டினார்கள். அதனால் இரண்டும் எதிரெதிர்த் திசையில் சுழன்று, ஒன்றின் முறுக்கை மற்றது ஈடுகட்டியது.

இன்றைய சிறு விமானத்துக்கு இந்த இரண்டு வசதிகளும் இல்லை. தண்டவாளம் போய் ஓடுபாதை வந்துவிட்டது. பெரும்பாலும் மூக்கில் ஒரே ஒரு புரொப்பெல்லர், அதுவும் ஒரே பக்கமாகச் சுழலும். ஆகவே ஓடுபாதையின் நடுக்கோட்டில் நேராக ஓடுவது தானாக நடக்கிற காரியம் இல்லை. விமானி தன் இரண்டு பாதங்களால் நொடிக்கு நொடி அந்த நேர்கோட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். பாதம் தாமதித்தாலும், தவறான பக்கம் அழுத்தினாலும், வானத்தைப் பார்க்க வேண்டிய விமானம் பக்கத்துப் புல்வெளிக்குள் போய் நிற்கும். சில நேரம் கவிழ்ந்து கிடக்கும். விபத்துகளை வகைபிரிக்கும்போது ‘தரையில் கட்டுப்பாட்டை இழத்தல்’ என்று இதற்குத் தனி வகையே வைத்திருக்கிறார்கள்.

விமான விபத்து என்றதும் நடுவானில் எஞ்சின் நிற்பதும் புயலில் சிக்குவதுமே நம் மனத்தில் வருகின்றன. எனக்கோ தரையில் ஓடும் அந்த இருபது நொடிதான் அதிகம் படிக்க வேண்டிய இடமாகத் தெரிகிறது. இயற்பியலும் மனிதனின் பழக்கமும் அங்கேதான் நேருக்கு நேர் மோதுகின்றன.

பயிற்சிப் பள்ளிகளில் உலகெங்கும் காணக்கூடிய செஸ்னா 172-ஐ எடுத்துக்கொள்வோம். நான்கு இருக்கை. அதன் 172எஸ் மாடலில் 180 குதிரைத்திறன் எஞ்சின், முழுச் சுமையோடு 1,157 கிலோ எடை. கடல்மட்டத்தில், காற்று அசையாத நாளில், ஏறத்தாழ 300 மீட்டர் ஓடித் தரையை விட்டுவிடும். மூக்கைத் தூக்க வேண்டிய வேகம் 55 நாட், அதாவது மணிக்கு 100 கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். நெடுஞ்சாலையில் நம் ஊர்க் கார்கள் தினமும் போகிற வேகம்தான். ஆனால் காரில் ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தால் வண்டி நேராகப் போகும். இதில் எஞ்சின் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை முழுதும் உள்ளே தள்ளியதும், கால்களைச் சும்மா வைத்திருந்தால், மூக்கு இடப்பக்கம் திரும்பத் தொடங்கும்.

ஏன் இடப்பக்கம்? விமானியின் இருக்கையிலிருந்து பார்த்தால் இந்தப் புரொப்பெல்லர் கடிகாரமுள் சுற்றும் திசையில் சுழல்கிறது. அது காற்றை நேராகப் பின்னால் தள்ளுவதில்லை, முறுக்கித் தள்ளுகிறது. அந்தச் சுருள்காற்று விமானத்தின் உடலைச் சுற்றிக்கொண்டே போய், வாலில் செங்குத்தாக நிற்கும் துடுப்பின் இடப்பக்கத்தில் அறைகிறது. வால் வலப்பக்கம் தள்ளப்படுகிறது, மூக்கு இடப்பக்கம் போகிறது. ஓட்டத்தின் தொடக்கத்தில், விமானம் இன்னும் மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கும்போதே, எஞ்சின் முழுவேகத்தில் சுழல்வதால் இந்தச் சுருள் மிக நெருக்கமாக இருக்கும். எனவே அதன் அடியும் அப்போதுதான் அதிகம்.

எஞ்சின் புரொப்பெல்லரை வலப்பக்கமாகச் சுழற்றினால், எதிர்வினையாக விமானத்தின் உடல் இடப்பக்கமாகச் சாயப் பார்க்கும். தரையில் சாய முடியாது. அதனால் இடப்பக்கச் சக்கரத்தின்மேல் கூடுதல் பாரம் விழுகிறது, அந்தச் சக்கரம் கொஞ்சம் அதிகமாக உராய்கிறது. இதுவும் இடப்பக்க இழுப்புதான். மூன்றாவது காரணம் மூக்கு மேலே தூக்கியிருக்கும்போது மட்டும் வேலைசெய்யும். புரொப்பெல்லரின் வட்டம் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், வலப்பக்கம் கீழே இறங்குகிற புரொப்பெல்லர் இறக்கை காற்றைப் பெரிய கோணத்தில் வெட்டுகிறது, இடப்பக்கம் மேலே ஏறுகிற இறக்கை சிறிய கோணத்தில் வெட்டுகிறது. வலப்பக்கத்தில் இழுவிசை கூடினால் மூக்கு இடப்பக்கம் திரும்பும். நான்காவது காரணமும் உண்டு, வால் சக்கர விமானத்தைப் பேசும்போது அதற்கு வருகிறேன்.

பாடப்புத்தகங்கள் இந்த நான்கையும் சம எடையோடு அடுக்கிவிடுகின்றன. மாணவர்களும் அப்படியே மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுகிறார்கள். மூக்குச் சக்கரம் உள்ள செஸ்னாவில், தரையில் ஓடும் வரைக்கும், சுருள்காற்றே பெரிய ஆள். மூக்கைத் தூக்கிய பிறகு இறங்கும் இறக்கையின் இழுப்பு வந்து சேர்ந்துகொள்கிறது. எது எப்போது வரும் என்று தெரிந்தவனின் கால்தான் முன்கூட்டியே தயாராக இருக்கும்.

இதைச் சரிசெய்ய விமானியிடம் இருப்பது ரடர். வாலில் செங்குத்துத் துடுப்பின் பின்விளிம்பில், கதவுபோல் இடமும் வலமும் மடங்கும் பலகை. காலடியில் இருக்கும் இரண்டு பெடல்கள் அதை அசைக்கின்றன. செஸ்னா 172-இல் அதே பெடல்கள் மூக்குச் சக்கரத்தையும் பக்கத்துக்குப் பத்து டிகிரி வரை திருப்பும். முதல் சில நொடிகள் மூக்குச் சக்கரம்தான் திசையைக் காக்கிறது. வேகம் கூடக்கூட ரடர் உயிர்பெறுகிறது. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். 20 நாட் வேகத்தில் இருந்ததைவிட 50 நாட் வேகத்தில் காற்றோட்டத்தால் ரடருக்குக் கிடைக்கும் பலம் ஆறு மடங்குக்கும் மேல். ஆகவே தொடக்கத்தில் பெடலை நிறைய அழுத்த வேண்டும், வேகம் ஏற ஏறக் குறைத்துக்கொண்டே வர வேண்டும், மூக்கைத் தூக்கும்போது மறுபடி கூட்ட வேண்டும். பயிற்றுநர்கள் ‘ரைட் ரடர், ரைட் ரடர்’ என்று ஓயாமல் சொல்வது இதற்காகத்தான்.

புதிதாகக் கற்பவர்களிடம் ஒரு பழக்கம் ஊறிப்போய் இருக்கும். விமானம் இடப்பக்கம் விலகினால், கையில் இருக்கும் சக்கரத்தை வலப்பக்கம் திருப்புவார்கள். காரில் பத்து வருடம் பழகிய கை வேறென்ன செய்யும்? ஆனால் அந்தச் சக்கரம் தரையில் விமானத்தைத் திருப்பாது. அதைத் திருப்பினால் இறக்கை முனைகளில் இருக்கும் ஏலெரான் பலகைகள் மட்டுமே அசையும். வலப்பக்கம் திருப்பினால் இடப்பக்க ஏலெரான் கீழிறங்குகிறது. கீழிறங்கிய பலகை காற்றில் கூடுதலாகத் தடுக்கிறது. அந்தத் தடை மூக்கை மேலும் இடப்பக்கமே இழுக்கிறது. காப்பாற்றப் போன கை, விலகலுக்குத் துணைபோகிறது.

பாதம் பெடலில் எப்படி இருக்கிறது என்பதை ஒரு நல்ல பயிற்றுநர் முதல் நாளே குனிந்து பார்ப்பார். குதிகால் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். பாதத்தின் முன்பகுதி மட்டும் பெடலின் கீழ்ப்பாகத்தைத் தொட வேண்டும். ஏனென்றால் பெடலின் மேல்பாகத்தை விரல்களால் மடக்கி அழுத்தினால் அந்தப் பக்கச் சக்கரத்துக்கு பிரேக் விழும். பதற்றத்தில் காலைத் தூக்கி முழுப் பாதத்தையும் பெடல்மேல் வைத்த மாணவன், வலது ரடர் கொடுப்பதாக எண்ணி வலது பிரேக்கையும் சேர்த்து மிதிப்பான். வேகம் 40 நாட் இருக்கும்போது ஒரு சக்கரம் மட்டும் இறுகினால் விமானம் அந்தப் பக்கம் வெட்டித் திரும்பும். ஓடுபாதையில் ரப்பர் தேய்ந்த கறுப்புத் தடம் ஒன்றே ஒன்று வளைந்து போவதைப் பார்த்தால், காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓடுபாதையின் அகலம் 30 மீட்டர் என்றால், நடுக்கோட்டிலிருந்து விளிம்புக்கு 15 மீட்டர். விமானம் நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. மூக்கு 5 டிகிரி விலகி அப்படியே ஓடினால் பக்கவாட்டில் நொடிக்கு 2 மீட்டருக்குச் சற்று மேல் நகரும். ஏழு நொடியில் விளிம்பு. பத்து டிகிரி என்றால் மூன்றரை நொடி. கவனிக்க அரை நொடி, புரிந்துகொள்ள ஒரு நொடி, கால் அசைய அரை நொடி போனால் மிச்சம் ஒன்றரை நொடி. அதற்குள் ஓங்கி மிதித்தால் மூக்கு மறுபக்கம் பாயும், அதைத் தடுக்க மறுபடி ஓங்கி மிதிக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு வீச்சும் முந்தையதைவிடப் பெரிதாகிக்கொண்டே போகும். தாமதமாக வந்த பெரிய திருத்தம்தான் பல நேரங்களில் விமானத்தைத் தூக்கியெறிகிறது. முதல் விலகல் சிறியதாகவே இருந்திருக்கும். அதனால் பழகிய விமானிகள் கண்ணை ஓடுபாதையின் கடைக்கோடியில் வைப்பார்கள். மூக்குக்கு நேர் முன்னால் பார்த்தால் அரை டிகிரி விலகல் தெரியாது, தூரத்தில் பார்த்தால் உடனே தெரியும்.

இதுவரை சொன்னதெல்லாம் மூக்குச் சக்கரம் உள்ள, சாதுவான விமானத்தைப் பற்றி. வாலில் சிறு சக்கரம் வைத்த பழைய வகை விமானம் வேறு சாதி. பல்பொருள் அங்காடியில் பொருள் நிரப்பிய தள்ளுவண்டியை வழக்கம்போல் முன்னால் தள்ளினால் ஒழுங்காகப் போகும். அதையே பின்னோக்கி வேகமாகத் தள்ளிவிட்டுக் கையை எடுத்தால், சுற்றிக்கொண்டு திரும்பி நிற்கும். திரும்பாத சக்கரங்களுக்கு முன்னால் பாரம் இருந்தால் வண்டி தானே நேராகும், பின்னால் இருந்தால் சிறு விலகலையும் பாரமே பெரிதாக்கும். வால் சக்கர விமானத்தில் பிரதானச் சக்கரங்கள் முன்னால், எடையின் மையம் அவற்றுக்குப் பின்னால். மூக்கு கொஞ்சம் திரும்பினால் பின்னால் இருக்கும் எடை நேராகவே போகப் பார்த்து, விமானத்தைச் சுழற்றிவிடும். அந்தச் சுழற்சியில் ஒரு பக்கச் சக்கரத்தின் கால் முறியும், வெளிப்பக்க இறக்கை நுனி தரையில் உரசும். விமானிகள் இதை ‘கிரவுண்ட் லூப்’ என்பார்கள்.

இந்த வகையில்தான் நான்காவது காரணமும் முழுவீச்சில் வருகிறது. வால் தரையில் கிடக்க, மூக்கு வானத்தைப் பார்க்க ஓட்டம் தொடங்கும். கொஞ்சம் வேகம் வந்ததும் விமானி வாலைத் தூக்குவார். அப்போது சுழன்றுகொண்டிருக்கும் புரொப்பெல்லரின் வட்டத்தை அவர் முன்னோக்கிச் சாய்க்கிறார். வேகமாகச் சுழலும் எந்தப் பொருளையும் சாய்த்தால், அழுத்திய இடத்தில் அல்லாமல் சுழற்சித் திசையில் 90 டிகிரி தள்ளி அதன் விளைவு தோன்றும். வட்டத்தின் மேல்பக்கத்தை முன்னால் தள்ளினால் வலப்பக்கம் முன்னால் போகும். அதாவது மூக்கு இடப்பக்கம் வெடுக்கென்று திரும்பும். வால் எவ்வளவு வேகமாக எழுகிறதோ அவ்வளவுக்கு அந்த வெடுக்கும் பெரிது. இந்தியாவில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் தயாரித்து, 1958-இல் முதலில் பறந்த புஷ்பக் இந்த வகைதான். நம் நாட்டு ஃபிளையிங் கிளப்புகளில் ஒரு தலைமுறை விமானிகள் அதில்தான் பாதங்களுக்கு வேலை கற்றார்கள்.

குதிரைத்திறன் கூடினால் இந்த விசைகள் எங்கே போய் நிற்கும் என்பதற்கு இரண்டாம் உலகப்போர் விமானங்களே சாட்சி. ஸ்பிட்ஃபயரின் முதல் மாடல்களில் இருந்த மெர்லின் எஞ்சின் ஏறத்தாழ 1,000 குதிரைத்திறன் கொண்டது. புரொப்பெல்லர் கடிகாரத் திசையில் சுழலும், விமானம் இடப்பக்கம் இழுக்கும், விமானியின் வலது கால் தயாராக இருக்கும். பிற்பாடு வந்த மாடல்களில் கிரிஃபன் எஞ்சின் வைத்தார்கள். பலம் இரு மடங்கு. அதோடு அதன் புரொப்பெல்லர் எதிர்ப்பக்கம் சுழன்றது. மெர்லினில் பழகிய கால் வலப்பக்கம் மிதிக்கும், கிரிஃபன் விமானமும் வலப்பக்கமே பாயும். இரண்டும் சேர்ந்துகொண்டால் ஓடுபாதை எந்தப் பக்கம் போனது என்று தேட வேண்டியதுதான். ஜெர்மனியின் மெஸ்ஸெர்ஷ்மிட் 109-க்கு வேறொரு சங்கடம். இறக்கைகளைக் கழற்றினாலும் விமானம் தன் காலில் நிற்க வேண்டும் என்று சக்கரக் கால்களை உடலோடு இணைத்தார்கள். அதனால் இரண்டு சக்கரங்களுக்கும் இடையே தூரம் குறுகிவிட்டது. எதிரியின் குண்டுபடாமல் ஏறும்போதும் இறங்கும்போதும் கவிழ்ந்தே நாசமான 109-கள் ஏராளம். ஸ்பிட்ஃபயர் குடும்பத்தின் கடைசி வாரிசான சீஃபயர் 47-இல் ஒரே அச்சில் எதிரெதிராகச் சுழலும் இரட்டைப் புரொப்பெல்லர் வைத்தபோது அந்த இழுப்பு அடங்கியது. ரைட் சகோதரர்கள் சங்கிலியைக் குறுக்கே மாட்டிச் செய்த அதே வேலை.

சிறு விமானங்களில் விடை மூக்குச் சக்கரமாக வந்தது. அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெட் வைக் வடிவமைத்து 1937-இல் பறந்த எர்கூப் விமானத்தில் மூன்று சக்கர அமைப்பு இருந்தது, ரடர் பெடலே கிடையாது. வால் சக்கரம் கொண்ட செஸ்னா 170-இன் வாலைத் தூக்கி மூக்கில் சக்கரம் வைத்ததுதான் 1956-இல் விற்பனைக்கு வந்த 172. இதுவரை 44,000-க்கும் மேல் செய்திருக்கிறார்கள், உலகில் வேறெந்த விமானமும் இந்த எண்ணிக்கையை எட்டவில்லை. ஆனாலும் மூக்குச் சக்கரம் இருந்தால் போதும் என்று நம்பியவர்களையும் அது ஏமாற்றியிருக்கிறது. சீக்கிரம் எழும்பிவிடாமல் இருக்க ஓட்டத்தின் கடைசியில் கைச்சக்கரத்தை முன்னால் அழுத்திப் பிடித்தால், பாரமெல்லாம் மூக்குச் சக்கரத்தில் ஏறும், பின்சக்கரங்கள் லேசாகும். எடையின் மையம் தரையில் ஊன்றிய சக்கரத்துக்குப் பின்னால் போய்விட்டது. சாதுவான விமானம் அந்தக் கணத்தில் வால் சக்கர விமானத்தைவிட மோசமாகிவிடுகிறது.

பக்கக்காற்று வந்தால் மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் வட்டி சேரும். விமானத்தின் பக்கவாட்டுப் பரப்பு பெரும்பாலும் சக்கரங்களுக்குப் பின்னால், வாலில் இருக்கிறது. காற்று வாலைத் தள்ள, மூக்கு காற்று வரும் பக்கமாகத் திரும்பும். இடப்பக்கத்திலிருந்து காற்று அடித்தால் புரொப்பெல்லரின் இழுப்பும் காற்றின் இழுப்பும் ஒன்றுசேர்கின்றன. வலப்பக்கக் காற்று என்றால் ஒன்றை ஒன்று ஓரளவு தணிக்கும். அதே வேகத்தில் வீசும் காற்று, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து இரண்டு வேறு காற்றாகிறது. அதோடு காற்று வரும் பக்க இறக்கையைத் தூக்கவும் பார்க்கும், அதற்குத்தான் ஏலெரானைக் காற்றுப் பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும். கைச்சக்கரத்துக்குத் தரையில் உள்ள உருப்படியான வேலை இதுவே. செஸ்னா 172-இன் கையேடு 15 நாட் பக்கக்காற்று வரை ஓட்டிக் காட்டியிருப்பதாகச் சொல்கிறது. அது தேர்ந்த சோதனை விமானி செய்துகாட்டிய அளவு. நேற்றுத்தான் தனியாகப் பறந்த மாணவனுக்கு அதில் பாதிகூட அதிகம்.

விலகல் பெரிதாகிவிட்டது, என்ன செய்வது? த்ராட்டிலை வெளியே இழுத்து ஓட்டத்தைக் கைவிட வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. எஞ்சின் அடங்கியதும் சுருள்காற்று நிற்கிறது, முறுக்கு நிற்கிறது, வேகமும் இறங்கத் தொடங்குகிறது. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். இடப்பக்க இழுப்பு திடீரென்று மறைவதால், அதுவரை அழுத்தி வைத்திருந்த வலது பெடல் இப்போது விமானத்தை வலப்பக்கம் திருப்பிவிடும். கை த்ராட்டிலை இழுக்கும்போதே கால் தளர வேண்டும். இதைச் சொல்லித் தராத பயிற்சி பாதிப் பயிற்சி.

பலர் செய்வது இதற்கு நேர்மாறு. ஓடுபாதை விளிம்பு நெருங்கி வரும்போது, எப்படியாவது தரையை விட்டுவிட்டால் தப்பிக்கலாம் என்று மூக்கைச் சட்டென்று தூக்குவார்கள். தரைக்கு மிக அருகில் இறக்கைக்குச் சலுகை கிடைப்பதால் விமானம் எழும்பவும் செய்யும். ஆனால் பறக்கப் போதுமான வேகம் இல்லை. மூக்கு உயரே, எஞ்சின் முழுவேகத்தில், வேகம் குறைவு. இடப்பக்க இழுப்புகள் உச்சத்தில் இருக்க, ரடர் பலவீனமாக இருக்கும் கணம் அதுதான். விமானம் இடப்பக்கம் சரிந்து, இறக்கை தூக்கும் சக்தியை இழந்து விழும். புல்வெளியில் சக்கரம் முறிந்து முடிந்திருக்க வேண்டிய சம்பவம் உயிரை எடுக்கிறது.

சில விபத்துகளின் காரணம் இயற்பியல் புத்தகத்தில் கிடைக்காது. பல செஸ்னா மாடல்களில் விமானியின் இருக்கை தண்டவாளம்போன்ற தகடுகளில் முன்னும் பின்னும் நகரும். தகட்டின் துளையில் ஒரு முள் விழுந்து இருக்கையைப் பூட்டும். துளை தேய்ந்தோ முள் சரியாக விழாமலோ இருந்தால், முழு எஞ்சின் பலத்தில் விமானம் முன்னால் பாயும்போது இருக்கை பின்னால் வழுக்கும். கால் பெடலுக்கு எட்டாது. பிடிமானத்துக்காகக் கைச்சக்கரத்தை இறுகப் பற்றினால் மூக்கு மேலே எழும். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 1987-இல் இந்தத் தகடுகளையும் முள்களையும் தவறாமல் ஆய்வு செய்யக் கட்டாய உத்தரவே போட்டது. ஏறி உட்கார்ந்ததும் இருக்கையை முன்னும் பின்னும் ஒருமுறை உலுக்கிப் பார்ப்பது இன்றும் ஓட்டத்துக்கு முந்தைய சரிபார்ப்பில் இருக்கிறது.

இரண்டு எஞ்சின் விமானம் என்றால் பாதுகாப்பு இரட்டிப்பு என்று நினைக்கத் தோன்றும். திசை விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. ஒரு பக்க எஞ்சின் நின்றுபோனால் மறுபக்கத்து எஞ்சின் விமானத்தைத் தன் முழுப் பலத்தோடு சுழற்றப் பார்க்கும். அந்தப் பலம் வேகம் குறைந்தாலும் குறையாது, ரடரின் பலமோ வேகத்தோடு சரிந்துவிடும். ஒரு வேகத்துக்குக் கீழே முழு ரடர் கொடுத்தாலும் போதாது. வேகமானியில் அந்த இடத்தில் சிவப்புக் கோடு போட்டிருப்பார்கள். எந்த எஞ்சின் நின்றது என்று கண்டுபிடிக்க விமானிகளுக்கு ஒரு வாய்பாடு உண்டு: நேராகப் போவதற்கு எந்தக் கால் உழைக்கிறதோ அந்தப் பக்க எஞ்சின் உயிரோடு இருக்கிறது, எந்தக் கால் சும்மா இருக்கிறதோ அந்தப் பக்கம் செத்தது. 2019 ஜூன் 30 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் அடிசன் விமான நிலையத்தில் கிங் ஏர் 350 என்ற இரட்டை எஞ்சின் விமானம் எழும்பிய சில நொடிகளில் இடப்பக்க எஞ்சின் பலமிழந்தது. அழுத்த வேண்டியது வலது பெடல். விமானியிடமிருந்து முதலில் வந்தது இடது பெடல் என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது. விமானம் இடப்பக்கம் உருண்டு ஒரு ஹேங்கரில் விழுந்தது. உள்ளே இருந்த பத்துப் பேரும் இறந்தார்கள்.

எஞ்சின் எதுவும் நிற்காமலேயே திசை போன சம்பவமும் உண்டு. என்னை அதிகம் உலுக்கியது அதுதான். 2017 பிப்ரவரி 21, காலை 9 மணியளவில், மெல்பர்னின் எஸெண்டன் விமான நிலையத்திலிருந்து ஒரு கிங் ஏர் பி200 கிங் தீவுக்குப் புறப்பட்டது. விமானியும் நான்கு பயணிகளும். ஓட்டம் வழக்கத்தைவிட நீண்டது. எழும்பியதும் மூக்கு இடப்பக்கம் திரும்பிக்கொண்டே போனது. விமானி ‘மேடே’ என்ற அபாயக் குரலை ஏழு முறை எழுப்பினார். காற்றில் இருந்தது ஏறத்தாழ பத்து நொடி. ஓடுபாதைக்குப் பக்கத்திலேயே இருந்த வணிக வளாகத்தின் கூரையில் மோதி எரிந்தது. ஐவரும் இறந்தார்கள்.

முதலில் எல்லோரும் எஞ்சினைத்தான் சந்தேகித்தார்கள். ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு 2018-இல் வெளியிட்ட அறிக்கை, இரண்டு எஞ்சின்களிலும் மோதலுக்கு முந்தைய கோளாறு எதையும் காணவில்லை என்றது. காரணம் ரடர் ட்ரிம். நீண்ட பயணத்தில் பெடலை அழுத்திக்கொண்டே இருக்காமல், ரடரை ஒரு பக்கம் லேசாகச் சாய்த்து வைப்பதற்கான சின்னக் குமிழ் அது. புறப்படும்போது நடுவில் இருக்க வேண்டும். அன்று அது மூக்கை இடப்பக்கம் திருப்பும் திசையில் கடைசி வரை திருகப்பட்டு இருந்திருக்கிறது, விமானி அதைக் கவனிக்கவில்லை. புறப்பாட்டுக்கு முந்தைய சரிபார்ப்புப் பட்டியலில் ட்ரிம்மைப் பார்க்கச் சொல்லும் வரி இருக்கிறது. அதைக் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு உறுதிசெய்ய இரண்டு நொடி போதும்.

அந்த நீண்ட ஓட்டத்தின்போதே ஏதோ சரியில்லை என்று விமானம் சொல்லிக்கொண்டிருந்தது. முன்னால் ஓடுபாதை மிச்சம் இருந்தது. அதிலேயே நின்றிருக்கலாம். நின்றுவிடுவது எளிதல்ல என்பதும் எனக்குத் தெரியும். பின்னால் பணம் கொடுத்த பயணிகள் உட்கார்ந்திருக்கிறார்கள், கோபுரத்தில் ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறார், பத்தாயிரம் முறை ஒழுங்காக எழும்பியவர்களுக்கு இந்த முறையும் எழும்பிவிடும் என்ற நம்பிக்கை இருக்கிறது. கை த்ராட்டிலில் இருந்தும் அதை இழுக்க மனம் வராததற்கு இவையே காரணம். ஆகவே பயிற்சிப் பள்ளிகள் எழும்புவதைச் சொல்லித் தரும் அளவுக்கு, எழும்பாமல் நிற்பதையும் ஓடுபாதையிலேயே மீண்டும் மீண்டும் செய்யவைக்க வேண்டும். நடுக்கோட்டை விட்டு எவ்வளவு விலகினால் த்ராட்டிலை இழுப்பேன் என்பதை மாணவன் ஓட்டம் தொடங்கும் முன்பே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

பயணிகளான நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. எப்போதாவது ஒரு சிறு விமானத்தில் ஏறி, ஓட்டத்தின் நடுவில் விமானி சத்தமில்லாமல் த்ராட்டிலை இழுத்து நிறுத்தி, ‘திரும்பிப் போகிறோம்’ என்று சொன்னால், நேரமாகிவிட்டதே என்று முகம் சுளிக்காதீர்கள். அவருக்கு நன்றி சொல்லுங்கள்.